முழங்காலுக்குள் குருத்தெலும்புத் துணுக்குகள்: துளை போட்டு எடுப்பதா, திறந்து எடுப்பதா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு வருடமாக வலது முட்டி வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று பூட்டிக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம் காலை அசைத்துப் பார்த்த பிறகுதான் நீட்ட முடியும். இரண்டு தடவை ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒருவர் எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டினார். இப்போது எம்ஆர்ஐ எடுத்ததில் 'சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ்' என்றும், முட்டியின் முன்னாலும் பின்னாலும் நிறையத் துணுக்குகள் இருப்பதாகவும், பின்பக்கம் பேக்கர் சிஸ்ட் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் துளை போட்டு எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் திறந்துதான் எடுக்க வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் இது கேன்சர் என்று சொல்லி எல்லோரையும் கலங்கடித்துவிட்டார். என் கணவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மருந்திலேயே கரைக்க முடியாதா? திரும்ப வருமா? எப்போது தறிக்குப் போகலாம்? எங்கள் 13 வயது மகனும் விளையாடிவிட்டு வந்து முட்டி வலி என்கிறான். இது பரம்பரையாக வருமா?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கேன்சர் பயத்தை முடித்துவிடலாம். இது புற்றுநோய் அல்ல.

மூட்டின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மூட்டுக்கு வழுவழுப்பு தரும் நீரைச் சுரப்பது அதன் வேலை. இந்த நோயில் அந்தச் சவ்வின் செல்கள், தமக்குச் சம்பந்தமில்லாத குருத்தெலும்பை உண்டாக்க ஆரம்பிக்கின்றன. சவ்வில் சிறு முடிச்சுகள் முளைக்கும். அவற்றின் காம்பு மெலியும். பிறகு அறுந்து மூட்டுக்குள் விழும். விழுந்த துணுக்கு செத்துவிடுவதில்லை. குருத்தெலும்பு வாழ ரத்தக் குழாய் தேவையில்லை, சுற்றியிருக்கும் மூட்டு நீரே போதும். ஆகவே மிதந்தபடியே வளரும். நாளாக ஆகச் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்படும். ஜவ்வரிசி அளவில் பத்தும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். அதைவிடப் பெரிதாக ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டும் இருக்கலாம். அதில் ஒன்று தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே சிக்கும்போதுதான் முட்டி பூட்டிக்கொள்கிறது.

30 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கே இது அதிகம். பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டில்தான் வரும். முழங்கால் முதலிடம், அடுத்து இடுப்பு, முழங்கை, தோள். தறியில் நின்றதாலோ, கனம் தூக்கியதாலோ வந்ததல்ல. பல நோயாளிகளின் துணுக்குகளில் ஃபைப்ரோநெக்டின் என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு தப்பாக ஒட்டியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில் இதை 'இருக்கும் இடத்தில் தொல்லை தரும் கட்டி' என்ற இடைப்பட்ட பிரிவில் வைத்திருக்கிறார்கள். உடம்பின் வேறு இடத்துக்குப் பரவாது, ஆனால் இருக்கிற மூட்டைக் கெடுக்கும், மிச்சம் வைத்தால் மறுபடி முளைக்கும் என்று பொருள்.

மிக அரிதாக இது பின்னாளில் குருத்தெலும்புப் புற்றாக மாறியதும் உண்டு. சிறப்பு மையங்களின் தொகுப்புகளில் 5 சதவீதம் வரை என்ற கணக்கைப் பார்ப்பீர்கள். மிகச் சிக்கலான நோயாளிகள்தான் அத்தகைய மையங்களுக்கு வருகிறார்கள் என்பதால் அந்த எண்ணை உங்கள் கணவர் மேல் அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. பல வருடம் சும்மா இருந்த வீக்கம் சில மாதங்களில் வேகமாகப் பெருப்பது, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, எம்ஆர்ஐயில் எலும்பு மஜ்ஜைக்குள் கட்டி நுழைந்திருப்பது, எடுக்க எடுக்கத் திரும்ப வருவது ஆகியவைதான் சந்தேகம் கிளப்பும் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

இனி துளையா, திறப்பா என்ற கேள்வி. இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தோலில் எத்தனை சென்டிமீட்டர் கிழிக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள். முழங்காலின் பின்பக்கம் வரை யார் போய்த் துப்புரவாக எடுப்பார்கள், சவ்வையும் சேர்த்துக் கவனிப்பார்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். முன்பக்கத்தை மட்டும் துளை போட்டுக் கழுவிவிட்டு, பின்பக்கத்தில் இருபது துணுக்கை விட்டுவிட்டு வருவது நல்ல ஆபரேஷன் அல்ல. வெறும் சின்னத் தழும்பு, அவ்வளவுதான்.

துளை வழி முறையை, அதாவது ஆர்த்ரோஸ்கோப்பியை, புதுசு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயைச் சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தது 1918-ல். அவருடைய மாணவர் மசாக்கி வட்டனபே 1962-ல் கிழிந்த மெனிஸ்கஸை, அதாவது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பை, துளை வழியே வெட்டி எடுத்தார். இன்று தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆர்த்ரோஸ்கோப்பி செய்கிறார்கள்.

செய்முறை இப்படி. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தொடையில் டூர்னிக்கே பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். அதைப் பொதுவாக ஒன்றரை மணி, கூடினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக வைப்பதில்லை. முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் 5 முதல் 8 மில்லிமீட்டர் கீறல். ஒன்றில் 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கேமராக் குழாய், மற்றதில் கருவி. மூன்று லிட்டர் சலைன் பைகள் ஒன்று மாற்றி ஒன்றாகத் தொங்கும். அந்த நீர்தான் மூட்டை உப்ப வைத்து இடம் உண்டாக்குகிறது. சில்லுக்கு மேலே உள்ள பை, இரண்டு ஓரத்துப் பள்ளங்கள், நடுப்பள்ளம், மெனிஸ்கஸின் அடி, வெளிப்பக்கத்தில் பாப்லிட்டியஸ் தசைநார் நுழையும் சந்து என்று ஒவ்வோர் இடமாக வரிசை வைத்துத் தேட வேண்டும். கடைசியாகச் சொன்ன சந்தை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். துணுக்குகளுக்கு அது பிடித்தமான ஒளிவிடம்.

சின்னத் துணுக்குகளை அகலமான குழாயை வைத்து நீரோடு உறிஞ்சி எடுத்துவிடலாம். பெரியதுதான் விளையாட்டுக் காட்டும். நீர் ஓடிக்கொண்டிருந்தால் இடுக்கி கிட்டே போனதும் நழுவிப் பின்பக்கம் ஓடிவிடும். அதனால் பிடிக்கும் நேரத்தில் நீர் வரத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் நிற்காத பெரிய துணுக்கைத் தோல் வழியே ஒரு நீண்ட ஊசியைக் குத்தி, அசையாமல் நிறுத்தி, பிறகு இடுக்கியால் பிடிப்பார்கள். வெளியே இழுக்கும் முன் துளையைத் தோலில் மட்டுமல்ல, உள்ளே மூட்டு உறையிலும் அதே அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தால் துணுக்கு உறைக்கு வெளியே, தோலுக்கு அடியில் கொழுப்புக்குள் கழன்று விழுந்துவிடும். அதைத் தேடுவது மூட்டுக்குள் தேடுவதைவிடச் சிரமம்.

பின்பக்கம்தான் உங்கள் கணவர் விஷயத்தில் முக்கியம். முழங்காலை 90 பாகை மடக்கி வைத்து, முன்பக்கக் கேமராவை நடுப்பள்ளம் வழியாகப் பின்னால் தள்ளிப் பார்ப்பார்கள். வழக்கமான 30 பாகைச் சாய்வுக் கேமராவுக்குப் பல மூலைகள் தெரியாது. அங்கே 70 பாகைச் சாய்வுள்ளது வேண்டும். உள்ளிருந்து வரும் வெளிச்சத்தைத் தோலில் பார்த்து, நரம்பையும் ரத்தக் குழாயையும் ஒதுக்கி, முதலில் ஊசி விட்டு, அதன் தடத்திலேயே பின் உட்பக்கத் துளையைப் போடுவார்கள். அந்த இடத்தில் தவறினால் சஃபீனஸ் நரம்பு அடிபட்டுக் காலின் உட்பக்கம் மரத்துப்போகும். பின் வெளிப்பக்கத் துளை இன்னும் கவனமாகப் போட வேண்டியது. தொடையின் பைசெப்ஸ் தசைநாருக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் பாதத்தைத் தூக்க வைக்கும் பெரோனியல் நரம்பு போகிறது. பின்பக்க இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சவ்வு உண்டு. அதில் வழி செய்துகொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது நன்கு பழகியவர்கள் செய்வது. மூட்டு உறையின் பின்புறத்தை ஒட்டியே காலுக்குப் போகும் பெரிய தமனி இருக்கிறது. ஆகவே அங்கே சவ்வைச் சுரண்டும் ஷேவரின் வாயைப் பின்னால் திருப்பக் கூடாது. உறிஞ்சும் விசையையும் நிறுத்தியோ மிகக் குறைத்தோதான் வேலை செய்ய வேண்டும். துளை முறையை எல்லா இடத்திலும் எல்லோரும் முழுதாகச் செய்வதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது டாக்டர் "திறந்துதான்" என்று சொன்னது தன் கைப்பழக்கத்தை மனத்தில் வைத்துக்கூட இருக்கலாம். அது நேர்மையான பதில்தான்.

பேக்கர் சிஸ்ட் என்பது பின் உட்பக்கத்தில் மூட்டு நீர் வழிந்து தேங்கிய பை. மூட்டோடு ஒரு சிறு வாசல் வழியாகத் தொடர்பு இருக்கும். வாசலைத் துளை வழியாகவே அகலமாக்கி உள்ளே இருக்கும் சில துணுக்குகளை எடுக்கலாம். ஆனால் பை முழுக்கக் கெட்டியான துணுக்குகள் என்றாலோ, மூட்டுக்கு வெளியே தசைகளுக்கு நடுவே படர்ந்திருந்தாலோ, குப்புறப் படுக்க வைத்துப் பின்பக்கம் திறப்பதுதான் பாதுகாப்பு. முன்பக்கத்தைத் துளை வழியாகவும் பின்பக்கத்தைச் சிறு திறப்பாகவும் ஒரே மயக்கத்தில் செய்வது நல்ல நடுவழி. உங்கள் கணவரின் ஸ்கேன் படத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் அறிக்கையை வைத்துச் சொன்னால், துளை வழியில் தொடங்கி, தேவைப்பட்டால் பின்பக்கம் திறக்கவும் முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் என் ஆலோசனை. முன்னும் பின்னும் பெரிதாகத் திறந்து செய்தால் நோய் நன்றாகவே போகும். ஆனால் முட்டி மடங்காமல் விறைத்துப்போகும் அபாயமும், வலியும், வேலைக்குத் திரும்பும் காலமும் கூடும்.

சவ்வையும் எடுக்க வேண்டுமா என்பதில் டாக்டர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. 1977-ல் மில்கிராம் என்ற எலும்பு மருத்துவர் இந்த நோயை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் முடிச்சுகள் சவ்வுக்குள் மட்டும் இருக்கும். இரண்டாவதில் சவ்விலும் இருக்கும், உதிர்ந்தும் கிடக்கும். மூன்றாவதில் சவ்வு அடங்கிவிடும், உதிர்ந்தவை மட்டும் மிஞ்சும். மூன்றாம் கட்டம் என்றால் துணுக்குகளை மட்டும் எடுத்தால் போதும் என்போர் உண்டு. காகிதத்தில் அழகான வாதம். ஆனால் ஆபரேஷன் மேசையில், சவ்வு எல்லா இடத்திலும் அடங்கிவிட்டது என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது எளிதல்ல. தடித்தும், சிவந்தும், முடிச்சு விட்டும் இருக்கும் சவ்வை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும், நன்றாக இருக்கும் இடத்தை விட்டுவிடலாம் என்பது என் நிலை. முழுச் சவ்வையும் உரித்தால் உள்ளே ரத்தம் கட்டும், விறைப்பும் கூடும்.

மேசையிலிருந்து இறக்கும் முன், ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் முட்டியை நேராகவும் பக்கவாட்டிலும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சுண்ணாம்பு படிந்த துணுக்கு மிச்சமிருந்தால் அப்போதே தெரியும். சுண்ணாம்பு படியாதவை எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்காகத்தான் எம்ஆர்ஐ படத்தை ஆபரேஷன் தியேட்டரில் மாட்டி வைத்துக்கொண்டு, எங்கெங்கே எத்தனை என்று ஒப்பிட்டு எடுப்பது.

எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பாமல் குப்பையில் போடக் கூடாது. துணுக்குகள் தனிப் புட்டியிலும், சவ்வு தனிப் புட்டியிலும் போக வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த நோயின் குருத்தெலும்புச் செல்கள் நுண்ணோக்கியில் கூட்டமாக, சிலவற்றில் இரட்டை உட்கருவோடு, பார்க்கவே மிரட்டலாக இருக்கும். நோயியல் டாக்டரிடம் வெறும் சதைத் துண்டை மட்டும் கொடுத்தால், குறைந்த தரக் குருத்தெலும்புப் புற்று என்று அறிக்கை எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ நகலோடு 'மூட்டுக்குள்ளிருந்து எடுத்தது' என்ற குறிப்பும் கூடப் போனால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. அப்படியே ஓர் அறிக்கை வந்தாலும் உடனே இடிந்துபோகாதீர்கள். பயாப்சித் திசு இருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் வாங்கி, எலும்புக் கட்டிகளில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய் மூட்டிலும், முடக்குவாதத்திலும் அரிசி போன்ற துகள்கள் மூட்டுக்குள் சேரும். அவை குருத்தெலும்பு அல்ல, சுண்ணாம்பும் படியாது. ஆனால் எம்ஆர்ஐயில் முதல் பார்வைக்கு ஏமாற்றும். ஆகவே சவ்வில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் சலைனில் வைத்துக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவைதான்: பின்பக்கத் துளைகள் போடுவீர்களா, 70 பாகைக் கேமரா இருக்கிறதா, தியேட்டரில் சி-ஆர்ம் உண்டா, துளை வழியில் முடியாவிட்டால் அதே நாளில் பின்பக்கம் திறப்பீர்களா. நாலுக்கும் நேரான பதில் வந்தால் அவரிடமே செய்துகொள்ளலாம். தயங்கினால் இன்னோர் இடம் பாருங்கள். இது ஒரு வாரத்தில் ஓடிப் போய்ச் செய்ய வேண்டிய அவசர ஆபரேஷன் அல்ல. முட்டி பூட்டிக்கொண்டு திறக்கவே மறுத்தால் மட்டும்தான் தள்ளிப்போடக் கூடாது. அதற்காக ஒரு வருடம் ஆறப்போடவும் வேண்டாம். கெட்டித் துணுக்குகள் ஒவ்வொரு அடியிலும் எலும்பு முனையின் குருத்தெலும்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அது தேய்ந்து எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு துணுக்குகளை எடுத்தால் பூட்டு நிற்கும், ஆனால் வலி போகாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சேருவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எம்ஆர்ஐ அறிக்கையைக் காட்டி, செய்யப்போகும் சிகிச்சை எந்தத் தொகுப்பில் வருகிறது, முன் அனுமதி வருமா என்று கேட்டுவிடுங்கள். துளை வழி, திறந்த முறை இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் சில வாரம் கட்டுப்படுத்திவிட்டுச் செய்வது சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் குறைக்கும். அவர் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று பெயர் முடிகிற வகை அதில் இருந்தால், டாக்டரிடம் கேட்டு ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினி இருக்கும்போது அந்த மருந்து, சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடக்கூடியது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஏதும் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சோறு, இட்லி போன்ற திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை பரவாயில்லை. பால் கலந்த டீயைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

துளை வழியில் முடிந்தால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சவ்வு எடுத்த முட்டியில் ரத்தம் கசியும். சிலர் ஒரு நாள் குழாய் வைப்பார்கள். மரப்பு விட்ட உடனே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். மறுநாளிலிருந்து முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தித் தொடையை ஐந்து எண்ணும் வரை இறுக்க வேண்டும். பிறகு காலை நேராக நீட்டி ஓரடி உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்க வேண்டும். பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. வேறு ஏதும் பழுது பார்க்கவில்லை என்றால் தாங்கும் அளவுக்கு எடை வைத்து வாக்கரோடு அன்றோ மறுநாளோ நடக்கலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை வைக்கலாம். சர்க்கரையால் அவருக்குக் கால் மரப்பு இருந்தால் தோலை இடையிடையே பாருங்கள்.

இரண்டு வாரத்துக்குள் முட்டி 90 பாகை மடங்க வேண்டும். இதில்தான் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். வலிக்கிறதே என்று தலையணை மேல் பாதி மடக்கி வைத்துக்கொண்டே படுத்திருந்தால் முழுதாக நீட்டவும் வராது, மடக்கவும் வராது. தலையணையை வைத்தால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் வேண்டாம். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். வலது கால் என்பதால் பைக்கின் பின் பிரேக்கைத் தயங்காமல் ஓங்கி மிதிக்க முடிகிற வரை வண்டி எடுக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். தறி வேலை நாள் முழுக்க நின்றும் திரும்பியும் செய்வது. துளை வழி என்றால் ஆறு வாரம் என்று கணக்கு வையுங்கள். முதல் இரண்டு வாரம் அரை ஷிஃப்ட் கிடைத்தால் நல்லது. பின்பக்கம் திறந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சம்மணம், குந்தி உட்காருவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவரை மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் ஒரு கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள்.

துளைக்குப் பக்கத்தில் ரூபாய் அகலத்துக்குத் தோல் மரத்திருந்தால் பயம் வேண்டாம். தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை அறுபட்டிருக்கும், மெல்லச் சுருங்கும். ஆனால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, கெண்டைச் சதை வீங்கிக் கல் போல் வலிக்கிறது, முட்டி சுடச்சுடச் சிவந்து காய்ச்சல் அடிக்கிறது, முதல் நாள் ராத்திரியே முட்டி விண்ணென்று உப்பி மாத்திரைக்கு வலி அடங்கவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கினால் எந்த மருத்துவமனை கிட்டே இருக்கிறதோ அங்கே ஓடுங்கள்.

திரும்ப வருமா என்றால், வரலாம். ஆய்வுகளில் நூற்றுக்கு மூன்று பேர் என்பதிலிருந்து இருபதுக்கு மேல் வரை எண்கள் இருக்கின்றன. இத்தனை வித்தியாசத்துக்கு ஒரு காரணம், எடுக்காமல் விட்டதையும் புதிதாக முளைத்ததையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்து எடுக்கும் எக்ஸ்ரே படம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். மூன்று மாதத்தில் எடுத்த படத்தில் தெரியும் கெட்டியான துணுக்கு அன்றே விட்டுப்போனதுதான். இரண்டாம் வருடம் புதிதாகத் தெரிவது வேறு. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே, வீக்கமோ பூட்டோ திரும்பினால் எம்ஆர்ஐ. இந்த அளவு போதும். திரும்ப வந்தாலும் மறுபடி துளை வழியாகவே எடுக்க முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு.

மருந்தில் கரையாது, அம்மா. அலோபதியிலும் இல்லை, மற்றதிலும் இல்லை. வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்கும். நீர் எடுத்தால் சில நாள் இறுக்கம் தணியும், பிறகு ஊறிவிடும். எண்ணெய்க் கட்டு, நீவுதல் ஆகியவற்றில் என் ஆட்சேபம் எண்ணெய்மேல் அல்ல. பூட்டிக்கொண்ட முட்டியைப் பலமாக இழுத்து நீட்டும்போது நடுவில் சிக்கிய துணுக்கு குருத்தெலும்பைக் கீறிவிடும். ஆபரேஷன் நடக்கும் வரை பூட்டிக்கொண்டால் உயரமான பெஞ்சில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, தொடையைத் தளர்த்தி மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். துணுக்கு தானாக நகர்ந்துவிடும். தறிக்கு நடுவில் பூட்டிக்கொண்டு கீழே விழும் ஆபத்து இருப்பதால், இப்போதைக்கு அவரை ராத்திரி ஷிஃப்டில் தனியாக விட வேண்டாம்.

உங்கள் மகனுக்கு வருகிற வலி இதுவல்ல. இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை. சிறுவர்களுக்கு வருவதும் அபூர்வம். முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே இருக்கும் எலும்பு மேட்டைத் தொட்டால் அங்கேதான் வலிக்கிறது, ஓடிக் குதித்தால் கூடுகிறது, விடுமுறையில் குறைகிறது என்றால் அது வளரும் வயதில் தொடைத் தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது. ஓட்டத்தைச் சில வாரம் குறைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் தணியும். ஆனால் அவன் நொண்டுகிறான், முட்டி வீங்குகிறது, ராத்திரி வலியில் விழிக்கிறான் என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அப்போது முட்டியை மட்டும் பார்த்து அனுப்பினால் இடுப்பு மூட்டையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவினால் வலி முட்டியில் மட்டும்கூடத் தெரியலாம்; அதைக் கண்டுபிடிக்கத் தாமதிக்கக் கூடாது.